நெத்திலி சுட்ட மஞ்சள் லென்ஸ்

மொட்டை மாடியிலிருந்து நெத்திலி சுடும் வாசனை இறங்கி வந்தபோது நான் சமையற்கட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கருவாடு காயும் வாசனை எங்கள் தெருவுக்குப் புதிதல்ல. திருவொற்றியூரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவர்களின் மூக்கு அதைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது. இது வேறு வாசனை. தணலில் போட்டு வாட்டினால் வருமே, பழைய சோற்றுப் பானையை எட்டிப் பார்க்கச் சொல்லும் வாசனை. வெறும் மாடியில் யார் அடுப்பு மூட்டினார்கள் என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே படியேறினேன்.

மேலே அடுப்பும் இல்லை, விறகும் இல்லை. உச்சி வெயில் மட்டும் இருந்தது. பக்கத்துப் போர்ஷன் மும்தாஜ் கன்னத்தில் கை வைத்தபடி தன் முறத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முறத்தில் பரப்பியிருந்த நெத்திலியின் நடுவிலிருந்து நூல் மாதிரி புகை எழும்பிக்கொண்டிருந்தது. புகைக்கு மேலே, இரண்டு செங்கல் துண்டுகளின் மீது ஜம்மென்று உட்கார்ந்திருந்தது என்னுடைய கேமரா லென்ஸ்.

"இன்னாடி வசந்தி, உன் சாமான் தானா சமைக்குது" என்றாள்.

நடந்தது இதுதான். கண்ணாடி மஞ்சளாகிப்போன அந்தப் பழைய லென்ஸுக்கு நான் சில வாரங்களாக வெயில் வைத்தியம் செய்துகொண்டிருந்தேன். ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் சாப்பாடு பொட்டலம் கட்டும் வெள்ளித்தாளைச் சுருட்டி வைத்து, அதன் வாயில் லென்ஸை உட்கார்த்தி, காலையில் வெயில் வந்ததும் மாடியில் வைத்துவிடுவேன். டம்ளர் மும்தாஜுடையது. தேடிக்கொண்டு வந்தவள், லென்ஸை எடுத்துவிட்டு டம்ளரைக் கைப்பற்றினாள். தரையில் வைத்தால் மண் ஒட்டும், கருவாட்டின் மேல் வைத்தால் கவிச்சி ஏறும் என்று நினைத்து, முறத்தில் இரண்டு செங்கல் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மீனுக்கு மேலே இரண்டு விரற்கடை உயரத்தில் பத்திரமாக நிறுத்திவிட்டுப் போயிருக்கிறாள். அந்த உயரத்தில்தான் அந்த லென்ஸ் சூரியனை ஒரு புள்ளியாகக் குவிக்கும். அவள் கவனக்குறைவாக வீசிவிட்டுப் போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

சுட்ட நெத்திலியைப் பொறுக்கி அன்று மத்தியானம் பழைய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டோம். உண்மையைச் சொன்னால் அடுப்பில் சுட்டதைவிட நன்றாகவே இருந்தது. எனக்கு வேறு கவலை. முறத்துக்குக் கை நீட்டும் தூரத்தில்தான் கொடியில் என் வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. காலையில் இரண்டாம் தடவை சொட்டு நீலம் போட்டு அலசியவை. ஒரு பொறி பறந்திருந்தால் மறுநாள் மனுஷன் எதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார்?

மஞ்சள் ரெண்டு கூட்டு

போன வாரம் இதே பக்கத்தில், முன்பு வியாசர்பாடி குடியிருப்பில் நாங்கள் மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் தூக்கிய கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு என் மகள் கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணினாள். குடத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிய அம்மா, லேப் வேலையைப் பற்றி ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை என்று கேட்டாள். அது பெருமை பீற்றிக்கொள்வது போலாகிவிடும் என்று தள்ளிப் போட்டிருந்தேன். இன்றைக்கு வழியில்லை, பீற்றிக்கொள்ளத்தான் வேண்டும்.

அப்போதெல்லாம் டோல்கேட் பக்கத்தில், ஃபிலிம் கழுவிப் படம் போடும் ஒரு கலர் லேபில் எனக்கு வேலை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் உள்ள ஸ்டுடியோக்காரர்கள் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று சுருள் சுருளாக ஃபிலிம் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஒவ்வொரு படத்தையும் வெளிச்சத்தில் பார்த்து, மஞ்சள் எவ்வளவு கூட்டுவது, மெஜந்தா எவ்வளவு குறைப்பது, சியான் வேண்டுமா வேண்டாமா என்று பொத்தானைத் தட்டுவது என் வேலை. மெஷினை அதன் போக்கில் விட்டால் எங்கள் ஜனங்களின் முகத்துக்குச் சாம்பல் பூசி அனுப்பிவிடும். காசிமேட்டுப் பெண்ணின் கருப்பில் ஒரு செம்பு நிறம் உண்டு. அதை வெளியே கொண்டுவர மஞ்சள் ரெண்டு கூட்டி, மெஜந்தா ஒன்று கூட்ட வேண்டும். மெஷினுக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும்.

பெண்ணைக் கொஞ்சம் வெளுப்பாகப் போட்டுக் கொடுங்கள் என்று சில ஸ்டுடியோக்காரர்கள் கேட்பார்கள். வெளுக்கிறதுக்கு இது லாண்டிரி இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவேன். முதலாளிக்கு என் வாய் பிடிக்காது, ஆனால் என் கண் இல்லாமல் அவருக்கு ஓடாது. கவரில் போடுவதற்கு முன்னால் எந்தப் படமாக இருந்தாலும், வசந்தி பார்த்தாச்சா என்று ஒரு தடவை கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது. வீட்டில் புடவைக்கு ரவிக்கை பார்ப்பது முதல் சுவருக்குச் சுண்ணாம்பு கலப்பது வரைக்கும் நிறம் என்றால் நான் சொன்னதே கடைசி வார்த்தை. என் வீட்டுக்காரர் தனசேகர் இதில் ஒருநாளும் குறுக்கே பேசியதில்லை.

பிறகு எல்லார் கையிலும் போன் வந்தது, லேப் மூடியது. அதற்காக நான் ஒப்பாரி வைக்கவில்லை. நின்று நின்று வீங்கிய கால் வற்றியது, அது ஒரு லாபம்.

பேப்பர் வெயிட்டாக இருந்தவை

மகள் புதுக் கேமரா வாங்கியபோது பழையதை எனக்குக் கொடுத்தாள். நல்ல கேமராதான். அதனோடு வந்த லென்ஸ்தான் எனக்கு ஒத்துவரவில்லை. முகத்தில் இருக்கும் ஒவ்வொரு துவாரத்தையும் சுட்டிக் காட்டும். மும்தாஜை எடுத்தால் அவளுடைய நல்ல குணத்தை விட்டுவிட்டுப் பருத் தழும்பை மட்டும் எடுக்கும். இவ்வளவு உண்மை பேசுகிறவனோடு எப்படிக் குடும்பம் நடத்துவது?

மும்தாஜும் நானும் ராயபுரத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். அவளுடைய அண்ணன் வண்ணாரப்பேட்டையில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறார். ஒரு காலத்தில் கப்பலில் வந்த வெளிநாட்டு மாலுமிகள் விற்றுவிட்டுப் போன ரேடியோ, பைனாகுலர், கேமரா எல்லாம் கைமாறிக் கைமாறி அங்கே வந்து கிடக்கும். ஒருநாள் மிக்ஸி ஜாடி தேடப் போன இடத்தில், பில் கட்டுகள் பறக்காமலிருக்க மேலே மூன்று பழைய லென்ஸ்கள் வைத்திருப்பதைப் பார்த்தேன். வெயிட்டுக்கு வேறு கல்லைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு வந்தேன். அவற்றைக் கேமராவில் பொருத்த ஒரு வளையம் கிடைக்கிறது, அதை மகள் வரவழைத்துக் கொடுத்தாள்.

இந்த லென்ஸ்களில் எதுவும் தானாக நடக்காது. ஃபோகஸ் வேண்டுமென்றால் லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தைக் கையால் திருப்ப வேண்டும். முகம் கலங்கி, தெளிந்து, மறுபடி கலங்கும். தெளியும் அந்த ஒரு நொடியில் கை நிற்க வேண்டும். எனக்கு அது லேபில் பொத்தான் தட்டிய சுகத்தைத் திருப்பிக் கொடுத்தது. மூன்றில் ஒன்று ரஷ்ய லென்ஸ். அதில் எடுத்தால் நடுவில் இருக்கும் முகம் தெளிவாகவும், பின்னால் இருக்கும் இலைகளெல்லாம் முகத்தைச் சுற்றிச் சுழல்வது போலவும் விழும். வேப்ப மரத்தடியில் மும்தாஜை அப்படி எடுத்தேன். தலை சுத்துது என்று குறை சொன்னாள், சொல்லிவிட்டு அன்று சாயங்காலமே அதை வாட்ஸப்பில் முகப்புப் படமாக வைத்துக்கொண்டாள்.

அதே மாதிரி அவள் பேரனுக்கும் ஒன்று எடுத்துக் கொடுத்தேன், பிறந்தநாள் பேனருக்கு. பேனர் கடைக்காரர் நான் அரும்பாடுபட்டு எடுத்த சுழலையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, முகத்தை மட்டும் எடுத்து ஒரு அருவிக்கு முன்னால் ஒட்டிவிட்டார். தெருமுனையில் அந்தப் பேனர் இருந்தவரைக்கும் நான் சுற்றுவழியில்தான் கடைக்குப் போனேன்.

இன்னொன்று ஜப்பான் லென்ஸ். அதுதான் நம் கதாநாயகன். அதன் கண்ணாடி டீ டிகாஷன் மாதிரி மஞ்சளாக இருந்தது. அந்தக் காலத்தில் கண்ணாடி நன்றாக வரவேண்டும் என்று தோரியம் என்ற பொருளைச் சேர்த்திருக்கிறார்கள். வருஷம் ஆக ஆக அது கண்ணாடியைப் பழுப்பாக்கிவிடும். நல்ல வெயிலில் வாரக்கணக்கில் வைத்தால் பழுப்பு போய்விடும் என்று மகள் தேடிப் பார்த்துச் சொன்னாள். அடுத்த நாளே, தோரியத்தில் கொஞ்சம் கதிர்வீச்சு இருக்கிறதாம், தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்காதே என்று பதறினாள். மணலி ஆலைக் காற்றையே குடித்து வளர்ந்தவர்களை இது என்ன செய்துவிடும் என்று தனசேகர் சொல்லிவிட்டார். வெயில் வைத்தியம் தொடங்கியது இப்படித்தான்.

எல்லோரும் நீலமாக

நெத்திலி சுட்ட பிறகும் லென்ஸின் மஞ்சள் எனக்குக் குறைந்த மாதிரி தெரியவில்லை. வெயில் போதவில்லை என்று நினைத்தேன். எண்ணூர் அனல் மின் நிலையத்துச் சாம்பல் காற்றில் கலந்து வெயிலை மறைக்கிறது என்று ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

அந்த மஞ்சளைச் சரிக்கட்ட, எடுத்த படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டுக் கொஞ்சம் நீலம் கூட்டுவேன். எத்தனை வருஷம் செய்த வேலை, கை தானாகப் போகும். ஒருநாள் மும்தாஜுக்கு அனுப்பிய படத்தைத் தூக்கிக்கொண்டு அவளே நேரில் வந்துவிட்டாள். "எம் மூஞ்சி இன்னாத்துக்குடி நீலமா கீது? குளிர்ல வெறச்சவ மாதிரி கீறேன்" என்றாள். போனை வாங்கிப் பார்த்தேன். சரியாக இருந்தது. உன் போன் மட்டமான போன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மகளும் அதையே சொன்னாள். அவளுடைய கம்ப்யூட்டரையும் குறை சொன்னேன். தனசேகர் சட்டைகள் எவ்வளவு துவைத்தாலும் பழுப்பாகவே இருந்தன. அவர் ஒரு கம்பெனி அதிகாரிக்குக் கார் ஓட்டுகிறார், வெள்ளைச் சட்டை வெள்ளைப் பேன்ட் போட்டே ஆகவேண்டிய வேலை. உப்புத் தண்ணீரில் துவைத்தால் வெளுப்பு எங்கிருந்து வரும் என்று தண்ணீரைத் திட்டினேன். சோப்புக் கம்பெனிக்காரனும் தப்பவில்லை. ஊரில் என்னைத் தவிர எல்லாவற்றிலும் கோளாறு இருந்தது.

அப்புறம் ஒருநாள் காலையில் காத்திவாக்கத்துக்குப் போனேன். அங்கே கழிமுகத்துத் தண்ணீரில் பெண்கள் கழுத்தளவு உட்கார்ந்து, கையாலேயே சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள். கன்னியம்மா என்று ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், நான் கரையில் மண்டி போட்டு வளையத்தைத் திருப்பித் திருப்பி எடுப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கரையேறி வந்து, காட்டு என்றாள். கேமராவின் திரையில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

ஈரக் கையை என் மேல் படாமல் விலக்கிக்கொண்டு குனிந்து பார்த்தாள். "யக்கா, நீ என்னெ எடுத்தியா, எனக்குப் பின்னால கீற கரண்டு கோபுரத்த எடுத்தியா?" என்றாள்.

அவள் கேட்டதில் கேலி எதுவும் இல்லை. கோபுரத்தின் கம்பி கம்பியாகத் தெரிந்தது. அவள் முகம் கலங்கிக் கிடந்தது. அன்று எடுத்த எல்லாப் படங்களிலும் அதே கதை. ஃபோகஸான இடத்தைச் சிவப்புக் கோட்டால் காட்டும் வசதி அந்தக் கேமராவில் உண்டு. என் கண் இருக்கும்போது கோடு எதற்கு என்று அதை அணைத்தே வைத்திருந்தேன். வெயிலில் வைத்து லென்ஸைக் கெடுத்துவிட்டோம் என்ற முடிவோடு வீடு வந்து சேர்ந்தேன்.

ஒரு வெள்ளைத் தாள்

கெட்டுப்போன லென்ஸை மும்தாஜிடம் காட்டிப் புலம்பினேன். அவள் அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். "இதுல ஏதுடி மஞ்சள்? தண்ணி மாதிரி கீது" என்றாள்.

தனசேகரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவருக்கும் அது சுத்தமாகத்தான் தெரிந்தது. என் பேச்சுக்கு மறுபேச்சு பேசாத மனுஷன் அதைச் சொல்லிவிட்டுச் சங்கடத்தோடு என்னைப் பார்த்தார். ஒரு வெள்ளைத் தாளைக் கொண்டுவந்து மாடிச் சுவரில் ஒட்டினேன். லென்ஸ் வழியாகப் பார்த்தேன், மஞ்சள். ரஷ்ய லென்ஸ் வழியாகப் பார்த்தேன், மஞ்சள். கேமராவோடு வந்த லென்ஸ் வழியாகப் பார்த்தேன், அதுவும் மஞ்சள். கடைசியில் லென்ஸையெல்லாம் கீழே வைத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்தேன்.

எதற்கு அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை, லேபில் இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் பழக்கமாக இருக்கலாம். வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு தாளைப் பார்த்தேன். தாள் ஓரளவு வெளுத்தது. இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். பழுத்துப்போன காலண்டர் தாள் மாதிரி ஆனது. மாற்றி மாற்றி மூடிப் பார்த்தேன். கேமராவில் நான் வைத்துப் பார்ப்பது வலது கண்.

மும்தாஜ் தாளைச் சுவரிலிருந்து பிய்த்து எடுத்தாள்.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மா விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது, வலது கண்ணில் நன்றாக முற்றியிருக்கிறது, ஆபரேஷன் பண்ணிவிடலாம் என்று சாதாரணமாகச் சொன்னார். புரை வந்தால் மங்கலாகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், மஞ்சளாகவுமா ஆகும் என்று கேட்டேன். சிலருக்கு ஆகும் என்றார், மெல்ல மெல்ல ஆவதால் அவர்களுக்குத் தெரியாது என்றார். நான் என்ன வேலை பார்த்தேன் என்று அவர் கேட்டார். டைப் அடித்துக்கொண்டிருந்தேன் என்று பொய் சொல்லிவிட்டேன். லேப் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை.

அப்பாவின் கண்

ஆபரேஷன் என்றதும் நான் பயந்ததற்குக் காரணம் உண்டு. என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கேயோ நடந்த முகாமில் அவருக்குப் புரை எடுத்தார்கள். கட்டைப் பிரித்த பிறகு கண் சிவந்தது, சீழ் வைத்தது. அந்தக் கண்ணில் அப்புறம் வெளிச்சமே வரவில்லை. யார் தப்பு என்று கேட்க எங்களுக்கு ஆளும் தெரியாது, இடமும் தெரியாது. அப்பா சோற்றுத் தட்டைத் தொட்டுத் தடவித் தன் பக்கம் இழுப்பது என் மனசில் அப்படியே நிற்கிறது.

அதனால் ஒரு முடிவுக்கு வந்தேன். உலகம் மஞ்சளாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். இருட்டாகாமல் இருந்தால் போதும். படம் எடுக்கத்தானே முடியாது, எடுக்காமல் இருந்துவிடுகிறேன். தானாக ஃபோகஸ் ஆகும் லென்ஸ் இருக்கிறது, போன் இருக்கிறது, ஆசைக்கு அது போதும். தனசேகர் மூன்று முறை ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தார், மூன்று முறையும் எரிந்து விழுந்தேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

மூன்று லென்ஸ்களையும் ஒரு பழைய புடவைத் துணியில் சுற்றி மும்தாஜிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணன் கடையிலேயே திருப்பி வைத்துவிடு, பேப்பர் பறக்காமல் இருக்கும் என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். துணியை அவள் மடியில் வைத்ததும் அழுதுவிட்டேன்.

மும்தாஜ் மூட்டையை அவிழ்த்து அந்த ஜப்பான் லென்ஸை மட்டும் எடுத்தாள். நான் அழுது முடிக்கும் வரை கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"இத்த வெயில்ல வெச்சா வெடிச்சிப் பூடுமா இன்னான்னு யாருக்குனா தெரியுமா? நீ வெச்சே. தெனம் வெச்சே. கண்ணாடின்னா உனக்குத் தைரியம் வருது, உங்கண்ணுன்னா வரலியா?" என்றாள்.

நான் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அவளுக்கு அப்பாவைத் தெரியும், எங்கள் பள்ளிக்கூட வாசலில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஐஸ் வாங்கிக் கொடுத்தவர்.

"உங்கப்பனுக்கு அன்னிக்கு யாரும் கூட இல்ல. உனக்கு நா வரேன். கட்டுப் பிரிக்கிற வரிக்கும் வாசல்லியே குந்திக்கினு இருக்கேன், போதுமா" என்றாள்.

போதும் என்று எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவள் முகத்தைப் பார்த்தபோது மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான். லென்ஸ் மூட்டையைத் திருப்பித் தர மறுத்துவிட்டாள். கண்ணைக் காட்டினால்தான் கொடுப்பேன் என்றாள்.

கொடியில் தொங்கியவை

முதலில் வலது கண்ணுக்கு மட்டும் நடந்த ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நான் பயந்த அளவுக்கு அது பெரிய விஷயமாக இல்லை. மேலே மூன்று விளக்குகள், அவற்றைச் சுற்றித் தண்ணீரில் எண்ணெய் விழுந்தால் வருகிற வர்ணங்கள். ரஷ்ய லென்ஸ்காரன் இதைப் பார்த்தால் பொறாமைப்படுவான் என்று அந்த நேரத்திலும் தோன்றியது. சொன்னபடி மும்தாஜ் வாசலில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்த இடத்தில் அக்கம்பக்கத்து நோயாளிகள் எல்லோருடைய ஊரையும் விசாரித்து முடித்திருந்தாள்.

மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தார்கள். கண்ணைத் திறக்கச் சொன்னபோது நான் உடனே திறக்கவில்லை. அப்பாவை நினைத்துக்கொண்டேன். பிறகு திறந்தேன்.

டாக்டர் அம்மாவின் கோட்டு வெள்ளையாக இருந்தது. இப்படி ஒரு வெள்ளையை நான் எத்தனை வருஷமாகப் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியாது. சுவர் வெள்ளை, தலையணை உறை வெள்ளை, டியூப் லைட் லேசான நீலம். நான் அழக் கூடாது என்று நர்ஸ் கண்டித்தார், கண்ணுக்கு ஆகாதாம்.

கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். கூப்பிட வந்த தனசேகரும் மும்தாஜும் நானுமாக ஆட்டோவில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் வரும்போது அதைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கன்டெய்னர் லாரிகள் என்ன சிவப்பு, என்ன பச்சை. எண்ணூர்ப் பக்கத்து வானம் சாம்பல் என்றுதானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன், அதிலும் நீலம் இருந்தது. இரண்டு கண்களையும் மாற்றி மாற்றி மூடிப் பார்த்தேன், வலது கண்ணில் ஒரு ஊர், இடது கண்ணில் ஒரு ஊர். கண்ணாடியை இறக்குடி என்று மும்தாஜ் என் கையில் அடித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மாடிக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். தனசேகர் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏற்றினார். மேலே போய்க் கண்ணாடியைக் கழற்றினேன்.

கொடியில் அவருடைய சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாம் நீலம். இளநீலம் என்றுகூடச் சொல்ல முடியாது, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சீருடை நீலம். காலரிலிருந்து கை மடிப்பு வரைக்கும் ஒரே சீரான நீலம்.

படங்களில் எல்லோரும் ஏன் நீலமாக இருந்தார்கள் என்பது டாக்டர் சொன்ன அன்றே எனக்குப் புரிந்திருந்தது. சட்டைகள் நினைவுக்கே வரவில்லை. எவ்வளவு காலமாக ஒன்றுக்கு இரண்டாகச் சொட்டு நீலம் ஊற்றியிருக்கிறேன். அதைப் போட்டுக்கொண்டு இந்த மனுஷன் தினமும் அதிகாரியின் கார்க் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. இவை நான் துவைத்தவை இல்லை. சட்டைகளில் இன்னும் ஈரம் இருந்தது.

"யார்யா தொவச்சது?" என்று கேட்டேன்.

"நாந்தான். காலீல, உன்னெ கூப்ட வர்றதுக்கு முன்னால" என்றார்.

"நீயுமா இவ்ளோ நீலம் போட்டே?"

"நீ போடற அளவுதான் போட்டேன்."

மும்தாஜ் மறுபக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அவளுக்கு முன்பே தெரியும், வாயைத் திறக்கக் கூடாது என்று இவர்தான் சொல்லி வைத்திருந்திருக்கிறார். ஆபீஸில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லையா என்று கேட்டேன்.

"கேட்டாங்க" என்றார் தனசேகர். "எங்க வூட்ல கலர் பாக்கறது எம் பொண்டாட்டி, அவ வெள்ளைன்னா வெள்ளைதான்னு சொல்ட்டேன்."

மும்தாஜிடம் லென்ஸைக் கேட்டேன். கண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று கத்திக்கொண்டே கீழே போய் லென்ஸையும் கேமராவையும் அவளே எடுத்துக்கொண்டு வந்தாள். கொடிக்கு முன்னால் தனசேகரை நிறுத்தினேன். வளையத்தைத் திருப்பினேன். அவர் முகம் கலங்கி, தெளிந்தது. கை நின்றது.

அந்த ஒரு படத்தை மட்டும் நான் கம்ப்யூட்டரில் போட்டுத் திருத்தவில்லை. இப்போது அது எங்கள் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது. முகம் எங்கள் லேபில் வருமே, அந்தச் செம்பு நிறம். சட்டைகள் எல்லாம் நீலம்.